ஊரைக் கூட்டிய அலறல்

“ஐயோ! அம்மா! என்னை இறக்கி விடுங்கடா! செத்தேன்டா சாமி!”

ரோலர் கோஸ்டர் உச்சியிலிருந்து தலைகுப்புறப் பாய்ந்த நொடியில் எழுந்த கூச்சல், பூங்கா முழுக்கக் கேட்டது. ஐஸ்கிரீம் விற்பவர்கூடக் கடையை விட்டு எட்டிப் பார்த்தார்.

கீழே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அண்ணாந்து பார்த்தாள். குரல் கீச்சென்று திரிந்திருந்ததால் யாருடையது என்று பிடிபடவில்லை. ஆனால் கத்தியது சின்ன வயசுக்காரர் இல்லை. அது நிச்சயம்.

வண்டியில் போனதெல்லாம் இளவட்டங்கள். முன் வரிசையில் மட்டும் இரண்டு பெரியவர்கள். ஒருவர் அவளுடைய அப்பா. இன்னொருவர், எல்லாம் நல்லபடியாக முடிந்தால், அவளுக்கு மாமனார் ஆகப்போகிறவர்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன். பெண்டாட்டிகூட ‘மேஜர்’ என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற பிள்ளை எதிரே உட்காரமாட்டான்.

அந்தப் பிள்ளைதான் இவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவன். “எங்கப்பா வசதி, அந்தஸ்தெல்லாம் பாக்கமாட்டார். கோழைங்களைக் கண்டா மட்டும் ஆகாது. அதுல தேறிட்டா கல்யாணம்தான்” என்று சொல்லியிருந்தான். வீட்டில் உட்கார்ந்து முறைத்துக்கொள்வதை விட வெளியே எங்கேயாவது சந்திக்கலாம் என்று இங்கே கூட்டிவந்ததும் அவன்தான்.

வந்த இடத்தில் மேஜர் அண்ணாந்து பார்த்து, “என்ன, ஏறுவோமா? தைரியம் இருக்கா?” என்று கேட்டுவிட்டார். அப்பாவும் “அதுக்கென்ன” என்று கிளம்பிவிட்டார்.

வண்டி வந்து நின்றது. கம்பி தூக்கியதும் முதலில் இறங்கியது அப்பா. தலைமுடி எல்லாம் எழுந்து நின்றது. வாயெல்லாம் பல்.

“யாரும் பயந்துடலியே? கத்தினது நான்தான்! கன்ட்ரோல் பண்ணவே முடியலைங்க!”

பின்னாலேயே மேஜர். உதட்டை இறுக்க மூடியபடி, யாரையும் பார்க்காமல், நேராக நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“எங்க மேஜரைப் பாருங்க! ஒரு சத்தம் உண்டா? கல்லு மாதிரி உக்காந்திருக்கார்!” என்று அவர் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளையும் சிரித்தான். இவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மானம் கப்பலேறிவிட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்து நாலடி தள்ளி இழுத்துப்போனாள்.

“ஏம்பா இப்படிப் பண்ணீங்க? லிஃப்ட் ரிப்பேர் பண்றேன்னு பத்தாவது மாடியில தொங்குற ஆளு, பொம்மை ரயில்ல உக்காந்து சின்னக் குழந்தையாட்டம் ஊரைக் கூட்டுறீங்களே!”

“பொம்மை ரயிலா? ஏறிப் பாரு தெரியும்!” அப்பா குரலைக் கொஞ்சமும் இறக்கவில்லை. “லிஃப்ட்டு சட்டுனு கீழ இறங்குறப்ப வயித்துல ஜில்லுங்குமே, அதை நூறால பெருக்கிக்கோ. குடல் தொண்டைக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது. பள்ளத்துல திரும்புறப்ப நம்ம எடை நமக்கே தாங்கல. கன்னமெல்லாம் தொங்குது, கண்ணு இருட்டுது.”

“மெதுவாப் பேசுங்கப்பா. அவருக்குக் கேக்கப்போகுது.”

“கேக்கட்டுமே! உடம்புக்கு மேஜர், மெக்கானிக்குன்னு பேதம் தெரியுமா? கீழ விழறோம்னு நெனச்சா அது பாட்டுக்குக் கத்தும். கத்தினாத்தான் மூச்சு வெளிய வரும். இதுல கோழையும் இல்ல, வீரனும் இல்ல.”

“நல்லா நியாயம் பேசுங்க. என் கல்யாணம் போச்சு.”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அம்மா போனபின் தனியாளாக வளர்த்தவர். எத்தனையோ சமாளித்தவர், இன்றைக்கு ஒருநாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

பெஞ்சிலிருந்து மேஜர் எழுந்தார். நேராக இவர்களைப் பார்த்து வந்தார்.

தீர்ந்தது கதை என்று நினைத்தாள். ‘கிளம்பலாம்’ என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் அந்த மனுஷர் பேசவும் மாட்டார்.

மேஜர் அப்பாவின் எதிரே நின்றார். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. செருமிவிட்டு மறுபடி திறந்தார்.

துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி, காற்றும் கீறலுமாக ஒரே ஒரு வார்த்தை வந்தது.

“சம்... சம்பந்தி!”

பிள்ளை துள்ளிக் குதித்தான். தன் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருப்பதையே மறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் அம்மா மட்டும் ஓடிவந்தாள். “அது இருக்கட்டும் மேஜர், உங்க தொண்டைக்கு என்ன ஆச்சு? ஏறுறப்ப நல்லாத்தானே இருந்தது?”

மேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

இவள் மேஜரைப் பார்த்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இறங்கியதிலிருந்து இந்த மனுஷன் வெண்கலக் குரலில் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதற்குள் அப்பா முந்திக்கொண்டார், கணீரென்று.

“பயப்படாதீங்க தங்கச்சி, மேல காத்து ஜில்லுனு அடிச்சுது. சம்பந்திக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அவ்வளவுதான்!”