காது மணி

காது குத்தும்போதே தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, ஆகாத வார்த்தைகளை அடைத்துவிடும் மணியைப் பிள்ளைகளின் காதுக்குள் வைத்துவிடுவார்கள். கல்யாணத்தன்றுதான் எடுப்பார்கள். இருபத்துமூன்று வயது யாழிசைக்கு இன்னும் எடுக்கவில்லை. டாக்டரிடம் கல்யாணமானவள் என்று சொல்லி, கடையில் வாங்கிய மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் போட்டிருந்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"தொத்துதாம்மா. அவரும் சேர்ந்து மாத்திரை போடணும். முடியிற வரைக்கும் ரெண்டு பேரும்..."

அதோடு சத்தம் நின்றுவிட்டது. டாக்டரின் உதடுகள் மட்டும் அசைந்தன.

"...கண்டிப்பா கூடாது. மீறினா பின்னால குழந்தை தங்குறதே கஷ்டமாயிடும். புரிஞ்சுதா?"

எது கூடாது? கேட்டால் கயிறு பொய்யென்று தெரிந்துவிடும்.

"புரிஞ்சுது டாக்டர்."

வெளியே காத்திருந்த பிரணவ் காதிலும் மணிதான். அவள் சொன்னதைக் கேட்டு அவனுக்கும் முகம் வெளுத்தது.

"பத்தியமா இருக்கும். கத்திரிக்கா, கருவாடு எல்லாத்தையும் இன்னிக்கே விட்டுடலாம்."

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அவன் அவள் கையைக் கோத்துக்கொண்டான். "பயப்படாத. வா, ரூமுக்குப் போகலாம்."