மூலையில் எட்டிப் பார்த்தது

கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில் அந்த அறிவிப்புப் பெட்டி மறுபடியும் எட்டிப் பார்த்தது. படிக்காமலே மூடினேன்.

"சனியன்! ஒரு பக்கம் கணக்கு கூட்டி முடிக்கிறதுக்குள்ள நாலு தடவை வந்து நிக்குது."

மருமகனுக்கு வேலை தேடப் போய், ஏதோ ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் 'சரி' என்று அமுக்கித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து இந்த இம்சை.

நான் கத்தியது முதலாளி காதில் விழுந்துவிட்டது. கண்ணாடி அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்சு. இன்றுவரை 'வாடா, போடா'தான்.

"என்னடா வருது?"

"வேலை விளம்பரம். எவன் படிச்சான்?"

"ஒண்ணுகூடப் படிக்கலையா?"

"நீ இருக்கும்போது எனக்கு எதுக்குடா வேற வேலை?"

சிரித்தான். மௌஸைப் பிடுங்கி, எதையெதையோ தட்டி, அடியோடு நிறுத்தினான். தலைக்கு மேல் மின்விசிறி ஓடவில்லை என்று மாதக்கணக்கில் நான் புலம்பியபோது திரும்பிக்கூடப் பார்க்காதவன்!

"இனி தொல்லை இல்லை. நிம்மதியா இரு" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மத்தியானம் ஒரு பெண் ஃபைலோடு வந்து நின்றாள்.

"சார், இன்டர்வியூ எங்க நடக்குது?"

"இன்டர்வியூவா? என்ன வேலைக்கும்மா?"

"அக்கவுன்டன்ட் வேலைக்கு சார். ரெண்டு நாளா இந்தக் கம்பெனி விளம்பரந்தான் என் கம்ப்யூட்டர் மூலையில வந்துக்கிட்டே இருந்துச்சு."

எங்கள் ஆபீசில் அக்கவுன்டன்ட் நாற்காலி ஒன்றுதான். அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.