மூன்று கல்லூரிகள்

"பலாலி வேணாம் புள்ள. பக்கத்துலயே ஆமிக் காம்ப் இருக்கு."

"அப்ப கோப்பாய்." சிவலட்சுமி பேனையைக் கடதாசியில் ஊன்றினாள்.

"யாழ்ப்பாணத்துல நமக்கு யாரு இருக்கா? எந்த ஊருன்னு கேப்பாங்க. தேயிலைத் தோட்டம்னு சொன்னா மூஞ்சி மாறும்."

"மாறட்டும். அவையின்ர மூஞ்சியையே நான் படிக்கப் போறன்?"

ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம் அது. விரும்பும் கலாசாலைகள் மூன்றை ஒழுங்காக எழுத வேண்டும். தபால் கந்தோர் நண்பகலில் பூட்டிவிடும். இன்று அனுப்பாவிட்டால் இந்த வருடம் இல்லை. வயது பதினெட்டு, உயர்தரத்தில் சித்தி, இலங்கைப் பிரசை. மூன்று தகுதிகளுக்கும் அவள் நேற்றே சரி போட்டுவிட்டாள். தர்மபுரம் குடியேற்றத்தில் இவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அவள்தான்.

அப்பா வீரையா மண்வெட்டியில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எட்டு வருடப் பள்ளிக்கூடம் மகளின் பேச்சை வன்னிப் பேச்சாக்கியிருந்தது. அவர் பேச்சிலிருந்து மட்டும் தோட்டம் போகவில்லை.

"கொட்டகலை?" என்றாள்.

"மறுபடியும் மலைக்கா? எழுபத்தேழுக் கலவரத்துல அடிச்சு வெரட்டுனாங்களே, மறந்துட்டியா? ஓடி வந்த வழியிலதான் உங்கம்மாவப் பொதைச்சோம்."

"அம்மாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீங்கள்? அவாவின்ர முகமே எனக்கு மறந்து போகுது. ஒரு படமாவது கொண்டு வந்தனீங்களே?"

"லயத்து வீட்டோட எல்லாம் எரிஞ்சு போச்சுன்னு எத்தனவாட்டி சொல்றது?"

"உங்கட தகரப்பெட்டி மட்டும் எரியேல்ல!"

வீரையா மண்வெட்டியை மறுபக்கம் திருப்பிச் சுரண்டினார்.

"சரி, மட்டக்களப்பு."

"தூரம்."

சிவலட்சுமி எழுந்தே விட்டாள். "எல்லாத்துக்கும் ஒரு குறை! எனக்கு விளங்குது. நான் ரீச்சராய்ப் போனால் முத்துலிங்கத்தாற்ற தோட்டத்தில மிளகாய் ஆய ஆள் குறைஞ்சு போகும். உங்களுக்கு மகள் தேவையில்லை, கூலிக்கு ஆள்தான் தேவை!"

அவர் கை நின்றது. ஓங்கி ஒரு அறை விழும் என்று அவள் காத்திருந்தாள். விழவில்லை. அது அவள் கோபத்தை இன்னும் கிளறியது.

நின்றபடியே குனிந்து எழுதினாள். கொட்டகலை. கோப்பாய். பலாலி. பேனை அழுந்திக் கடைசி எழுத்தில் கடதாசி கிழிந்தது.

"பார்த்தீங்களே, எழுதியாச்சு. இனிப் பிரசாவுரிமைப் பத்திரத்தைத் தாங்கோ. பிரதி எடுத்து இதோட வைக்க வேணும். பெட்டிக்குள்ள கவனமாய் இருக்கெண்டு சொன்னீங்கள்தானே?"

"நாளைக்குத் தேடித் தாறேன் புள்ள."

"நாளைக்கு என்னத்துக்கு? சுவரில ஒட்டவோ? பெட்டித் திறப்பை எடுங்கோ!"

வீரையா அரைநாணில் முடிந்திருந்த திறப்பை அவிழ்க்க வெகுநேரம் எடுத்தார். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, எழும்பாமலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டிக்குள் பழைய சேலை ஒன்று. அதன் அடியில், பொலித்தீன் பையில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டிய சிறிய புத்தகம். வேறு பத்திரம் எதுவும் இல்லை. நூலை அவள் பல்லால் கடித்து அறுத்தாள்.

"லயத்துல எல்லாரும் அக்கரைக்குப் போறோம்னு எழுதிக் குடுத்தாங்க," சுவரைப் பார்த்தபடி அவர் சொன்னார். "நானும் போய்க் கைநாட்டு வச்சேன். உனக்கு அப்ப நாலு வயசு. எல்லாம் வந்த பொறவு உங்கம்மா கப்பல் ஏற மாட்டேன்னுட்டா. இதை எப்புடி உங்கிட்ட காட்டுவேன்?"

சிவலட்சுமி புத்தகத்தைத் திறந்தாள்.

நாலு வயதுச் சிவலட்சுமியை மடியில் இருத்தியபடி, எட்டு வருடமாகத் தேடிய அம்மா படத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இந்தியக் கடவுச்சீட்டு, அதில் மூவரும் இந்தியப் பிரசைகள்.