சைரனுக்கு எழாதவர்

சைரன் அலறியது.

பரீட்சை எழுதிக்கொண்டிருந்த கைதிகள் எல்லோரும் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து, சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சைரன் அடித்தால் யாரையோ காணவில்லை என்று அர்த்தம். ஆளைக் கண்டுபிடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது.

கடைசி பெஞ்சில், எல்லோரும் 'லாரி' என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் மட்டும் நிமிரவே இல்லை. முக்கோணம் வரைந்துகொண்டிருந்தார்.

"நம்ம லாரிக்கு பிரேக்கும் பிடிக்காது, ஹாரனும் கேக்காது" என்று சுவரோரம் ஒரு குரல் முணுமுணுத்தது.

கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷமாக இந்த இரும்புக் கதவுகளைத் தாண்டி வந்து சொல்லிக்கொடுத்தது இதற்காகவா?

பாதியில் அறையை விட்டுப் போனால் பேப்பர் செல்லாது. லாரி ஏற்கெனவே கணக்கில் இரண்டு தடவை கோட்டைவிட்டவர். இந்த முறையும் போச்சென்றால் புத்தகத்தையே தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

"எல்லாரும் உட்காருங்க! பரீட்சை மணிக்குத்தான் முடியும், சைரனுக்கு முடியாது."

தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள்.

கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க வந்து நின்றார் தலைமைக் காவலர். லாரியைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"அடப்பாவி! ஜெயில் பூரா சல்லடை போட்டுத் தேடுறோம், இங்கேயா உட்கார்ந்திருக்கே? எந்திரிடா!"

"இந்த ஒரு கணக்கு மட்டும் சார்" என்றார் லாரி, ஸ்கேலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்புறம் எங்கே போகச் சொன்னாலும் போறேன்."

டீச்சர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"இவர் எங்கேயும் ஓடலையே! காலையிலேருந்து இங்கேதானே இருக்கார்?"

"அதுதானே டீச்சரம்மா பிரச்சினையே!"

சொல்லும்போதே தலைமைக் காவலரின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டே வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"ஆள் கிடைச்சாச்சு, சைரனை நிறுத்துங்க. அப்படியே வெளி கேட்ல காத்திருக்கிற அவர் வீட்டம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கய்யா. காலையில விடுதலையானவர், கணக்குப் பரீட்சையை முடிச்சுட்டுத்தான் வெளியே வருவாராம்!"