பாக்கிங் மேஜைச் சண்டை

“அவ முகத்துல முழிச்சிக்கிட்டு என்னால வேலை பாக்க முடியாது சார். நான் நின்னுக்கிடுதேன்” என்றாள் கனகலட்சுமி.

கதவுக்கு வெளியே நின்ற தங்கபாய், தானும் அதைச் சொல்லத்தான் வந்ததாகவும், அவள் சொன்ன வார்த்தையையே திரும்பச் சொல்லத் தன் வாய் கூசுவதாகவும் உள்ளே கேட்கும்படி சொன்னாள்.

மேனேஜர் வைகுண்டராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். ராஜபாளையத்தில் அந்த பேண்டேஜ் கம்பெனிக்கு அவன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மிஷின் ரிப்பேர், கரண்ட் கட் எல்லாவற்றையும் சமாளித்துவிட்டான். ஒரே பாக்கிங் மேஜையில் நின்று வேலை பார்க்கும் இந்த இரண்டு பெண்களைச் சமாளிக்க முடியவில்லை.

ஒருத்தி ஃபேனைப் போட்டால் மற்றவள் அணைப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் கம்பெனி வேனில் ஒருத்தி முன் சீட், மற்றவள் கடைசி சீட். இத்தனைக்கும் நடுவில் பாக்கிங் மட்டும் ஒருநாளும் பின்தங்கியதில்லை. கோபத்தில் கை வேகமாக ஓடுகிறது போலும் என்று வைகுண்டராஜ் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான்.

பணியாளர்களிடையே இணக்கத்தை வளர்ப்பது எப்படி என்று மதுரையில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தவன் அவன். அங்கே கற்றதையெல்லாம் இறக்கிப் பார்த்தான். இருவரையும் கேண்டீனில் எதிரெதிரே உட்கார வைத்தான். கனகலட்சுமி டிபன் பாக்ஸ் மூடியை நடுவே நிமிர்த்தி வைத்து, தங்கபாய் முகம் தெரியாதபடி மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ஒருவரைப் பற்றி மற்றவர் நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்றான். தங்கபாய் செத்த நேரம் யோசித்துவிட்டு, கனகலட்சுமி லீவு போடுகிற நாளெல்லாம் நல்ல நாள்தான் என்றாள்.

இப்போது வேலையை விடுகிறேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு பேருமே நல்ல கைகள். இழக்க முடியாது. ஷிப்ட் மாற்றிக் கேட்டு யார் வந்தாலும் முடியாது என்று அனுப்பிவிடுவதுதான் அவன் வழக்கம். இது அவனே எடுக்கும் முடிவு என்பதால் பரவாயில்லை என்று பட்டது. தங்கபாய்க்குக் காலை ஷிப்ட், கனகலட்சுமிக்கு மதிய ஷிப்ட் என்று பிரித்துப் போட்டான். இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

கம்பெனி அமைதியானது. முதலாளியே கூப்பிட்டு, மனுஷரை மேய்க்கத் தெரிந்தவன் நீதானய்யா என்றார். அதோடு விடாமல், பெரிய ஆர்டர் ஒன்று வருவதால் அந்த இரண்டு பேரும் மறுபடி ஒரே ஷிப்டில் நிற்க வேண்டும், ராசியாக்கிவிடு என்றும் சொன்னார். பாராட்டு மயக்கத்தில் வைகுண்டராஜ் சரி என்று தலையாட்டிவிட்டான்.

முதலில் தங்கபாயின் மனசைக் கரைப்பது என்று முடிவு செய்து, அன்று சாயங்காலமே வேன் டிரைவரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பைக்கில் போனான். வீட்டு வாசலில் தங்கபாய் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கையில் எடுத்த உருண்டை அப்படியே நின்றது.

“ரெட்டைப் பிள்ளையாம்மா?” என்று கேட்டான்.

தங்கபாய் தெருவை ஒருமுறை பார்த்தாள். இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

“இல்ல சார். இவன் என் பய. இவ கனகத்தோட மக. அடுத்த வீடுதான் அவளுக்கு. நான் வேலைக்குப் போனா அவ பாத்துக்கிடுவா, அவ போனா நான் பாத்துக்கிடுவேன். ரெண்டு வீட்டுலயும் பிள்ளையளப் பாக்க வேற ஆளு கெடையாது. ஒரே ஷிப்டுல நின்னப்ப தெனமும் தெருவுல யார்ட்டயாவது கெஞ்சி விட்டுட்டு வந்தோம்.”

“அப்ப அந்தச் சண்டை?”

“மொதல்ல ஆளுக்கொரு நாள் வந்து ஷிப்ட் மாத்தித்தான் கேட்டோம் சார். முடியாதுன்னுட்டீக. பொறவு என்ன செய்ய? மறுநாளைக்கு எதைச் சொல்லிச் சண்டை போடன்னு உக்காந்து யோசிக்கதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.”

வைகுண்டராஜ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கனகலட்சுமியின் மகள் சோற்றுக் கையோடு வந்து அவன் மடியில் ஏறிக்கொண்டாள். பையில் போன் அடித்தது. முதலாளிதான். சொன்ன காரியம் என்னாச்சு, ராசியாகிவிட்டார்களா என்று கேட்டார்.

சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்த பிள்ளையின் கையை மெல்ல விலக்கிவிட்டு வைகுண்டராஜ் சொன்னான்: “இல்லீங்க முதலாளி, பக்கத்துலயே போக முடியல. இது ஏழு சென்மத்துப் பகை. ஒரே ஷிப்டுல போட்டோம்னா கம்பெனியில கொலை விழுந்துரும்.”