கல்யாண வீட்டு ஒயின்

“மூச்சு விடுதா பாரு” என்றாள் ஃபிடெலா, படுத்தபடி, கண்ணைத் திறக்காமலே.

மூலையில் குனிந்து காது வைத்துக் கேட்ட ரோசல் உதட்டைப் பிதுக்கினாள். “இல்லம்மா. நின்னுடுச்சு.”

“அப்பாடா. ஒரு தொல்லை விட்டுது.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். மூலையில் இருந்த பெரிய கண்ணாடி ஜாடியின் வாயில் ஒரு ரப்பர் கையுறையைக் கட்டியிருந்தார்கள். உள்ளே நாவல்பழச் சாறு நுரைத்துக்கொண்டிருந்த வரையில் அது போக்குவரத்துப் போலீஸ்காரரின் கை மாதிரி விறைத்து நின்றது. இன்று துவண்டு தொங்கிவிட்டது. ஒயின் தயார்.

ஃபிடெலாவுக்கு இது புது வேலை. கொல்லை மரத்துப் பழம், சர்க்கரை, தண்ணீர், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட், அவ்வளவுதான். அதிலும் முதல் ஜாடியை மூடாமல் விட்டுக் காடியாக்கிவிட்டாள். அதை நெமேசியோ இன்னமும் பொரித்த மீனுக்கு ஊற்றித் தின்றுகொண்டிருக்கிறான்.

“கடையில வாங்கிக்கலாம்னு சொன்னேன். உங்கம்மா கேட்டாளா?” என்றான் நெமேசியோ மகளிடம்.

“யோவ், நீ செஞ்சு தருவேன்னு காத்திருந்து காத்திருந்துதான் எனக்குத் தலை நரைச்சுது. இதையாவது நானே செஞ்சுக்கறேன்.”

நெமேசியோ வடிகட்டும் துணியை எடுத்து நீட்டினான்.

ரோசல் வெள்ளை கவுனின் ஓரத்தை மடித்துத் தைக்க உட்கார்ந்தாள். ஃபிடெலா ஜாடியைச் சாய்த்து, அடியில் கிடந்த வண்டல் கலங்காமல், மெல்லிய துணியில் வடிகட்டினாள். விரலெல்லாம் ஊதா நிறம் ஏறியது.

“கையுறை போட்டுக்கம்மா. இந்தக் கறை லேசுல போகாது. நாளைக்கு எல்லார் கண்ணும் உன் கையிலதான் இருக்கும்.”

“பாக்கட்டும். ஓட்டல் துணியெல்லாம் துவைச்ச கை வேற எப்படி இருக்கும்?”

பக்கத்து வீட்டு சாலிங் பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாளை நூடுல்ஸ் கிளற இரவல் கேட்டிருந்தார்கள். உள்ளே வந்ததும் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னக்கா இது, கல்யாண வீடா, வேற வீடா? ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பையே காணோம்!”

“சிரிக்கவும் தெம்பு வேணும்டி. இன்னைக்குக் காலைவரைக்கும் வேலை பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“சர்ச்சுல மோதிரம் மாத்தின அந்த மணிலாக்காரி செத்து வருசம் திரும்பியாச்சு. இனிமே எவன் வந்து தடை சொல்லப் போறான்? சந்தோசமா இருங்கக்கா.”

ஃபிடெலா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். “செத்தவளைப் பத்திப் பேசாதே. அவ இருந்தப்பவே நான் ஒரு வார்த்தை பேசினதில்ல.”

சாலிங் நாக்கைக் கடித்துக்கொண்டு சட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

முதல் கிளாஸை நெமேசியோவிடம் நீட்டினாள் ஃபிடெலா. அவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

“சொல்லித் தொலையேன். இதுவும் மீனுக்குத்தானா?”

“கொஞ்சம் துவர்க்குது. ஆனா ஒயின்தான் புள்ள. சத்தியமா ஒயின்!”

அவளும் ஒரு வாய் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதற்குமேல் நிற்க முடியவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிறு பூசையில்கூட, ஊரே சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது, இவள் மட்டும் கடைசி பெஞ்சை விட்டு எழமாட்டாள். கேட்டால் முட்டி வலி என்பாள்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்போல இருக்கு. கல்யாணமும் வேணாம், விருந்தும் வேணாம். கதவைச் சாத்திட்டுத் தூங்கினாப் போதும்.”

“அம்மா!” தைத்துக்கொண்டிருந்த ரோசல் பதறினாள். “ஊரையே கூப்பிட்டாச்சு!”

நெமேசியோ அவள் எதிரில் உட்கார்ந்து, வீங்கியிருந்த பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கட்டை விரலால் குதிகாலை அழுத்தினான்.

“நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்க ஃபிடெலா. அப்புறம் எவ்வளவு வேணாலும் தூங்கு.”

“இப்படித்தான் காலமெல்லாம் சொல்ற.”

“எல்லாம் என்னாலதான்.” அவன் அடுத்த குதிகாலுக்கு மாறினான்.

ஃபிடெலா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் செருமல் சத்தம் கேட்டது. மழையில் அங்கியின் ஓரம் நனைந்து, ஓர் இளம் சாமியார் நின்றுகொண்டிருந்தார். பங்குச் சாமியார் காய்ச்சலில் படுத்துவிட்டதால், நாளைய திருமணத்தை நடத்தி வைக்கப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருப்பவர். இவர்களில் யாரையும் அவருக்குத் தெரியாது.

“ஒரு வார்த்தை பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றவர், ரோசலின் மடியில் கிடந்த வெள்ளை கவுனைப் பார்த்துப் புன்னகைத்தார். “கல்யாணப் பொண்ணு நீதானேம்மா? மாப்பிள்ளை எங்கே?”

ரோசல் ஊசியைக் கவுனில் குத்திவிட்டு எழுந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“நான் தோழிப் பொண்ணு ஃபாதர். கல்யாணப் பொண்ணு அதோ, மாப்பிள்ளை மடியில காலைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு!”