சுவர் முனையும் மாமியார் கேக்கும்

குழந்தைக் கட்டில் ஒருவழியாக வீட்டுக்குள்ளே வந்துவிட்டது. சுவர்தான் வெளியே வந்துவிட்டது.

"சாய்ச்சுத் தூக்குன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் நைரி, ஒன்பது மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அவள் புருஷன் பிரென்ட் கட்டிலை மெல்லக் கீழே வைத்தான். ஹால் திருப்பத்தில் ஜிப்சம் போர்டுச் சுவரின் முனை ஒரு முழத்துக்குப் பெயர்ந்து, உள்ளே இருந்த தகரப் பட்டை பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

வாடகை வீடு. மறுநாள் காலை எட்டரைக்குச் சோதனை வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏஜென்ட் கிளெனிஸ் வந்து, அடுப்பிலிருந்து ஜன்னல் இடுக்கு வரைக்கும் விரலை விட்டுப் பார்ப்பாள். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அவள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் நீட்டிப்பதா, காலி பண்ணச் சொல்வதா என்று ஓனர் முடிவு செய்வார். அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததற்கே எதிர்வீட்டுக்காரர்கள் பெட்டி கட்டினார்கள்.

"பிள்ளையைப் பெத்து எங்க கொண்டுபோய்ப் போடறது? கூடாரத்துலயா?"

"ஏன் கத்தற? சின்ன வேலை. பட்டி பூசித் தேய்ச்சுட்டா முடிஞ்சுது."

"பட்டி எங்க?"

"கடையில."

"இன்னிக்கு என்ன கிழமை?"

பெரிய வெள்ளிக்கிழமை. இன்வர்கார்கில் ஊர் முழுக்க அலைந்தாலும் ஒரு கடை திறந்திருக்காது.

தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போன பிரென்ட், அங்கேயே நின்றுவிட்டான். மாமியாரின் எழுபதாவது பிறந்தநாள் கேக்குக்காக நைரி அடித்து வைத்த சர்க்கரை ஐசிங், கிண்ணம் நிறைய இருந்தது. வெள்ளை வெளேர். ஓரத்தில் காய்ந்ததைத் தட்டிப் பார்த்தான். கல்லு.

"அதைத் தொட்டே, கை இருக்காது" என்றாள் நைரி பின்னாலிருந்து.

"உங்கம்மாவுக்குக் கேக் முக்கியமா, பேரப்பிள்ளைக்கு வீடு முக்கியமா?"

நைரி கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"முதல்ல அந்தத் தகரத்தைத் தட்டி நேராக்கு."

தட்டினான். அப்பினான். வெண்ணெய்க் கத்தியால் வழித்தான். ஹீட்டரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். காலையில் நைரி நகம் தேய்க்கும் அரத்தால் நைசாகத் தேய்த்து முடித்தபோது, எந்த மேஸ்திரி செய்தாலும் இப்படி வராது என்று அவனுக்கே கர்வம் வந்துவிட்டது. என்ன, வீடு முழுக்க வெனிலா வாசனை.

சரியாக எட்டரைக்குக் கிளெனிஸ் வந்தாள். காதில் பேனா, கையில் எழுதும் அட்டை. சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"என்ன வாசனை இது?"

"மெழுகுவத்தி" என்றான் பிரென்ட்.

"சோப்பு" என்றாள் நைரி, அதே நொடியில்.

கிளெனிஸ் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பு, குளியலறை, ஜன்னல் எல்லாம் முடித்து ஹாலுக்கு வந்தாள். பிரென்ட் முனையை மறைத்துச் சாய்ந்து நின்றான்.

"கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தான். சட்டைத் தோளில் வெள்ளைப் பொடி.

கிளெனிஸ் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முனையை விரலால் தடவினாள். அப்படியே நின்றாள். நைரி, பிரென்ட்டின் கையை நசுக்கிவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

"கார்ல பேனாவை விட்டுட்டேன். எடுத்துட்டு வர்றேன்" என்று கிளெனிஸ் வெளியே போனாள். பேனா அவள் காதிலேயேதான் இருந்தது.

அடுத்த நிமிடம் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய் திறந்த கதவு வழியாகப் பாய்ந்து வந்தது. நேரே முனைக்குப் போய் நக்க ஆரம்பித்தது.

"ஐயையோ! பிடிங்க, பிடிங்க!" என்று நைரி அலறினாள். பிரென்ட் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான். நாய் அவனைத்தான் இழுத்தது. நக்கியது போதாமல் கடித்தும் தின்றது. தகரம் மறுபடி இளித்தது.

கிளெனிஸ் அவசரமே இல்லாமல் உள்ளே வந்தாள்.

"அடக் கடவுளே, என் நாய் உங்க சுவரைத் தின்னுடுச்சே" என்றாள், செய்தி வாசிக்கிற குரலில். காதிலிருந்து பேனாவை எடுத்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"ஹால் முனையில் சேதம். காரணம், என் நாய். செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்பிச் சரிபண்ணித் தர்றது என் பொறுப்பு. குடியிருக்கறவங்க மேல குறை எதுவும் இல்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம்."

நாயை இழுத்துக்கொண்டு வாசல் வரை போன கிளெனிஸ் நின்று, நைரியின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு தன் விரலைப் பார்த்தாள்.

"அடுத்த தடவை எலுமிச்சை ரெண்டு சொட்டு கூட விடும்மா. சுவருன்னாலும் இவ்வளவு தித்திப்பு ஆகாது."